பளையோடு நிறுத்திய மந்திரம்

மகள் வாங்கித் தந்த கைக்கடிகாரம் நேரம் காட்டுவதோடு நிற்பதில்லை. நான் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தால் மணிக்கட்டில் மெல்ல அதிரும். பார்த்தால் அதன் முகத்தில் ஒரு நீலப் பூ விரிந்து, கீழே 'ரெஸ்பீரா' என்று எழுதியிருக்கும். மூச்சு விடு என்று அர்த்தம். பூ விரியும்போது இழுக்க வேண்டும், சுருங்கும்போது விட வேண்டும். எழுபது வயதைத் தாண்டிய நான் அதுவரை என்ன செய்துகொண்டிருந்தேன் என்று அந்தக் கடிகாரம் நினைத்ததோ தெரியவில்லை.

போன கிழமை அது அப்படி அதிர்ந்தபோது மகள் சுகி என் வீட்டுக்கு வந்து தரை துடைத்துக்கொண்டிருந்தாள். வாளியில் வரெக்கினா ஊற்றியிருந்தாள். குளியலறையை வெளுக்க இந்த ஊரில் எல்லா வீட்டிலும் அந்த பிளீச் தண்ணீரைத்தான் ஊற்றுவார்கள், மூக்கை அரிக்கும். சாமிப் படத்துக்கு முன்னால் நான் கொளுத்திய ஊதுபத்தி இன்னும் அணையவில்லை. சுகி நிமிர்ந்து என் கையைப் பார்த்தாள்.

"அட பப்பா, உங்களுக்கும் உது மூச்சுப் படிப்பிக்குதே? நீங்கள் பெரிய யோகா மாஸ்டரல்லோ. நீங்களெல்லோ அதுக்குப் படிப்பிக்கோணும்."

நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பு எனக்கு நன்றாகத் தெரியும். முன்பு ஒருநாள், இதே இரண்டு மணமும் கலந்த ஓர் இடத்தில், அதைச் சிரித்திருக்கிறேன். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். சுகிக்கு இது தெரியாது.

இத்தாலியின் இந்தப் பலேர்மோவில் இப்போது தெருவுக்குத் தெரு யோகா இருக்கிறது. சுருட்டிய பாயை முதுகில் கட்டிக்கொண்டு ஸ்கூட்டரில் போகிற பெண்களைக் காலையில் பார்க்கலாம். மருந்துக்கடைக் கண்ணாடியில்கூட யாரோ ஒருத்தி சப்பணம் கட்டிக் கண்ணை மூடியிருக்கிறாள். நாங்கள் வந்த புதிதில் அப்படியில்லை. துறைமுகத்துக்குப் பின்னால் ஒரு பழைய மாளிகையின் மேல்மாடியில், ஓர்னெல்லா என்கிற சிஞ்ஞோரா, சீமாட்டி என்று அர்த்தம், ஒரு மண்டபத்தை வாடகைக்கு எடுத்து யோகா வகுப்பு நடத்தினாள். ஜன்னலைத் திறந்தால் நாப்போலி போகிற கப்பல் தெரியும். என் மனைவி மலர் அங்கே துப்புரவு வேலை செய்தாள்.

நான் ஊரில் கணித ஆசிரியர். இங்கே ஒரு வயதான வழக்கறிஞர் வீட்டில் சட்டை மினுக்கி, சாமான் வாங்கி, அவருடைய நாயைக் காலையும் மாலையும் உலாத்திக்கொண்டிருந்தேன். வேலை கடினமில்லை, மனிதரும் மோசமில்லை. ஆனால் அந்த வீட்டுக்கு வந்து போன எல்லோரும் நாயைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். என்னை அப்படி யாரும் கூப்பிடவில்லை. இதைச் சமாதானமாகச் சொல்லவில்லை. அப்போது எனக்கு எது பசித்தது என்று உங்களுக்குத் தெரியவேண்டும், அவ்வளவுதான்.

ஒரு வெள்ளிக்கிழமை, கோயிலுக்குப் போன திருநீறு நெற்றியில் இருக்க, மலரைக் கூட்டிவரப் போனேன். சிஞ்ஞோரா என் நெற்றியை நெடுநேரம் பார்த்தாள். தியானம் செய்வீர்களா என்று கேட்டாள். இல்லை என்று சொல்ல ஒரு சொல் போதும். நான் "கொஞ்சம்" என்றேன். அடுத்த கிழமையே என்னை வகுப்பு எடுக்கச் சொல்லிவிட்டாள்.

யோகம் பற்றி எனக்குத் தெரிந்தது பள்ளிக்கூட டிரில்தான், அதையும் மழைக்காலத்தில் நடத்தமாட்டார்கள். குனிந்து என் கால் பெருவிரலை அன்றைக்கும் தொட முடியாது, இன்றைக்கும் முடியாது. ஆகவே என் யோகம் மூச்சோடு நின்றது. உட்கார், கண்ணை மூடு, இழு, பிடி, விடு. சிஞ்ஞோரா எனக்கு இந்தியாக்காரர் போடுகிற நீளமான வெள்ளைச் சட்டை ஒன்று வாங்கித் தந்தாள். முதல்நாள் அதைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்றபோது மலர் கதவோரம் நின்று பார்த்தாள்.

"எங்கடை கலியாணத்துக்கும் நீங்கள் இப்பிடி வெளிக்கிடேல்லை" என்றாள்.

பிறகு மந்திரம் வேண்டும் என்றார்கள். தேவாரம் சொல்லியிருக்கலாம், பயமாக இருந்தது. சாமியை வைத்து ஏமாற்ற மனம் வரவில்லை. அந்த அளவுக்கு நல்லவன் நான். கண்ணை மூடியபடி யோசித்தபோது, கொழும்பில் படித்த காலத்தில் விடுமுறைக்கு ரயிலில் வீடு போன வழியின் ஸ்டேஷன்கள் நினைவுக்கு வந்தன. இழுக்கும்போது "மாங்குளம்" என்றேன். விடும்போது "கிளிநொச்சி". இழுக்கும்போது "பரந்தன்", விடும்போது "ஆனையிறவு". கடைசியில் நீளமாக, உதடு மூடாமல், "பளை". மருந்துக்கடைக்காரரின் மனைவியும், வரி அலுவலகத்து மனிதரும், இன்னும் பலரும் கண்ணை மூடிக்கொண்டு என்னோடு வன்னியைக் கடந்தார்கள். அந்தக் காலத்தில் அந்த வழியில் தண்டவாளமே இல்லை. போர் பிடுங்கிவிட்டிருந்தது.

அன்று வீட்டுக்கு வந்து மலர் விழுந்து விழுந்து சிரித்தாள். ஊரைவிட்டு வந்த பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

"உங்கடை சீமாட்டியள் டிக்கெட்டும் இல்லாமல் ரயிலேறிப் போகினம். அது சரி, ஏன் பளையோடை நிப்பாட்டினனீங்கள்?"

"அதுக்கு அங்காலை பேர் எல்லாம் நீளம். அவையின்ரை வாயிலை வராது."

"அப்ப நான் எங்கை இறங்கிறது?" என்றாள். அவளுடைய ஊர் கொடிகாமம். பளைக்குப் பிறகு வரும்.

இது பகிடியாகத்தான் இருந்தது. இருவரும் சேர்ந்து சிரித்த பகிடி. வரி அலுவலகத்து மனிதர் பல வருடங்களுக்குப் பிறகு இரவில் தூங்குவதாக வந்து சொன்னபோது நாங்கள் இருவருமே கொஞ்சம் ஆச்சரியப்பட்டோம். மூச்சுக்கு ஆசிரியர் உண்மையா பொய்யா என்று தெரிவதில்லை போலும். ஒழுங்காக இழுத்து விட்டால் அது தன் வேலையைச் செய்துவிடுகிறது. அதனால், நான் தெரியாததைத் தெரியும் என்று சொன்னதற்காக இன்று பெரிதாக வெட்கப்படவில்லை. என் வெட்கம் அடுத்தது.

வகுப்பு தொடங்கிச் சில மாதங்களில் சிஞ்ஞோரா என்னைத் தனியே கூப்பிட்டாள். தனக்கு ஒன்றுமில்லை என்று நாலைந்து முறை சொல்லிவிட்டு, இங்கே வருகிறவர்கள் வீட்டையும் அடுப்படியையும் வெளியே விட்டுவிட்டு வருகிறார்கள், மாயெஸ்த்ரோவின் மனைவி வாசலில் நிலந்துடைப்பானைப் பிழிந்துகொண்டிருந்தால் அவர்களுக்கு மனம் நிலைக்காது என்றாள். மனைவி என்று யாரும் அறியாமல் இருந்தால் போதும். மாயெஸ்த்ரோ என்றால் ஆசான். அந்தச் சொல்லை அவள் சொல்லும்போது கையை நெஞ்சில் வைப்பாள்.

நான் யோசிக்கவில்லை. "ஓம்" என்று, ஆமாம் என்கிற எங்கள் ஊர்ச் சொல்லை, தமிழிலேயே சொல்லிவிட்டேன். அதை மந்திரமாக விளங்கிக்கொண்டு அவள் கண்ணை மூடித் தலை குனிந்தாள்.

மலரிடம் இதைச் சொன்னபோது, "அவ சொன்னவவோ, நீங்கள் சொன்னியளோ?" என்று மட்டும் கேட்டாள். அவ சொன்னவ என்றேன். அன்று முதல் நாங்கள் இருவரும் வேறு வேறு பஸ்ஸில் போய் வந்தோம். மண்டபத்தில் எதிர்ப்பட்டால் அவள் மற்றவர்களைப் போல எனக்குக் கை கூப்புவாள். முதலில் அதைச் செய்யும்போது அவள் கண்ணில் ஒரு குறும்பு இருந்தது. நாளடைவில் அது போய்விட்டது. எப்போது போனது என்று நான் கவனிக்கவில்லை.

மலருக்குத் தொய்வு, ஆஸ்துமா. சின்ன வயதில் இருந்ததாம், நடுவில் விட்டு, வரெக்கினாவோடு மறுபடி வந்தது. மூச்சு முட்டினால் வாயில் அடிக்கிற பம்ப் ஒன்று இருந்தது. வேலைச் சட்டையில் பை இல்லாததால் அதை என் தோள்பையில் வைத்திருந்தோம், பஸ் வேறான பிறகும் அது அங்கேயே இருந்தது. தேவைப்பட்டால் வகுப்பு முடிந்ததும் வாங்கிக்கொள்வாள்.

அது ஒரு குளிர்காலம். ஜன்னல்கள் சாத்தியிருந்தன. குளியலறையில் ஏதோ வாடை வருகிறது என்று போன வகுப்பில் யாரோ முறையிட்டிருந்தார்கள். சிஞ்ஞோரா அதை என்னிடம் சொன்னாள், நான் மலரிடம் சொன்னேன், கொஞ்சம் மேலதிகாரிபோல. அதனால் அவள் அன்று வரெக்கினாவோடு, சுண்ணாம்புக் கறை போக்குகிற அமிலத்தையும் சேர்த்து ஊற்றியிருக்கிறாள். கூடாத கலவை அது, மூச்சை அடைக்கிற நச்சுப் புகை எழும்.

உள்ளே மௌனம் தொடங்கியிருந்தது. மௌனம் தொடங்கினால் கதவைத் திறக்கக் கூடாது என்பது என் விதி. கதவுக்கு வெளியே அந்தச் சத்தம் கேட்டது. இழுப்பு, நடுவில் ஒரு சீழ்க்கை, பிறகு இழுப்பு. எத்தனையோ இரவு என் பக்கத்தில் படுத்திருந்த சத்தம் அது. எனக்கு உடனே தெரிந்தது. பை என் முழங்காலைத் தொட்டுக்கொண்டு இருந்தது.

மருந்துக்கடைக்காரரின் மனைவி கண்ணைத் திறந்து முகம் சுளித்தாள். அவளைப் பார்த்து வேறு இருவர் திறந்தார்கள். நான் என் நல்ல குரலில், மெதுவாக, இத்தாலிய மொழியில் சொன்னேன்: "சத்தத்தை எதிர்க்க வேண்டாம். அதைக் கடல் என்று நினையுங்கள். வரட்டும், போகட்டும்."

அவர்கள் கண்ணை மூடிக்கொண்டார்கள். சிலருடைய முகம் மலர்ந்ததையும் பார்த்தேன்.

எவ்வளவு நேரம் என்று சொல்ல முடியவில்லை. எழுந்து கதவைத் திறந்தது, பின்வரிசையில் இருந்த ஓர் ஆஸ்பத்திரித் தாதி. மலர் சுவரோடு சாய்ந்து தரையில் குந்தியிருந்தாள். உதடு நிறம் மாறியிருந்தது. "மருந்து இருக்கிறதா? எங்கே?" என்று தாதி கேட்டாள். மலர் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். பிறகு பார்வையை எடுத்துக்கொண்டு, "அ காசா" என்றாள். வீட்டில் என்று பொருள். மூச்சே இல்லாத அந்த நேரத்திலும் அவள் நான் கேட்டுக்கொண்டதைக் காப்பாற்றினாள்.

நான் பையைத் திறந்து பம்ப்பை எடுத்துத் தாதியிடம் நீட்டினேன். மலரிடம் கொடுக்கவில்லை, தாதியிடம் கொடுத்தேன். மலர் அடித்து, மெல்ல மெல்ல நிறம் திரும்பியது. தாதி என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"மாயெஸ்த்ரோ, இதையெல்லாமா கூடவே வைத்திருக்கிறீர்கள்? மற்றவர்களுக்காகவா?"

எல்லோரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இவள் என் மனைவி என்று சொல்ல அதைவிட நல்ல தருணம் இனி ஒருவருக்கு வாய்க்காது. நான் சிரித்தேன். ஞானிகள் சிரிப்பார்கள் என்று மற்றவர்கள் நினைக்கிற அந்தச் சிரிப்பு. ஊதுபத்தியும் வரெக்கினாவும் சேர்ந்து மணத்தன. சிஞ்ஞோரா மலரை வீட்டுக்குப் போய் ஓய்வெடுக்கச் சொன்னாள். அவள் தன் பஸ்ஸில் போனாள். நான் வகுப்பை முடித்துவிட்டு என் பஸ்ஸில் போனேன்.

வழியெல்லாம் அவள் கத்துவாள் என்று நினைத்தேன், கத்தவேண்டும் என்றுகூட விரும்பினேன். கதவைத் திறந்து, தேத்தண்ணி வைத்துத் தந்தாள்.

"இனிப் பம்ப்பை நான் வைச்சிருக்கிறன்" என்றாள்.

"மலர், நான்..."

"குடியுங்கோ, ஆறப்போகுது."

அடுத்த நாள் தன் வேலைச் சட்டையில் ஒரு பை தைத்துக்கொண்டாள். பழைய தலையணை உறைத் துணி, பூப்போட்டது. அதோடு நான் மண்டபத்தை விட்டேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. விடவில்லை. சிஞ்ஞோரா மிலானோவுக்குப் போய் மண்டபம் மூடும்வரை போனேன், மாங்குளம் முதல் பளை வரை.

மண்டபம் மூடிய பிறகு ஒளிக்க ஒன்றும் இருக்கவில்லை. ஆனாலும் மலர் என்னோடு சேர்ந்து நடக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் ஆட்கள் இந்த ஊர்ப் புனிதை சாந்தா ரொசாலியா மாதாவின் மலைக்கு நடப்பார்கள். சைவக்காரரும் நடப்போம், அந்த மாதா எங்களுக்கு அம்மன் போலத்தான். மலர் எப்போதும் எனக்கு முன்னால், கொஞ்சம் தள்ளி நடப்பாள். ஒருமுறை கூப்பிட்டேன்.

"நில்லும், சேர்ந்து போவம்."

"நீங்கள் ஆறுதலாய் வாங்கோ. எனக்குத் தனிய நடந்து பழகிட்டுது" என்றாள். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் மன்னிப்புக் கேட்டிருப்பேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கடைசிவரை கேட்கவில்லை.

மலைப்பாதையில், துறைமுகம் முழுதாகத் தெரிகிற ஒரு திருப்பம் உண்டு. அங்கே மலர் சுவரில் கையூன்றி நின்று, பூப்போட்ட பையில் இருந்து பம்ப்பை எடுப்பாள். வேலையை விட்ட பிறகும் அந்தப் பையைப் பிரித்துத் தன் மற்றச் சட்டைகளில் மாற்றித் தைத்துக்கொண்டிருந்தாள். நான் கீழேயே நின்றுவிடுவேன். அவள் தேறி நடக்கத் தொடங்கிய பிறகுதான் நானும் நடப்பேன்.

அந்த மாளிகையின் மேல்மாடியில் இப்போது உல்லாசக் கப்பலில் வருகிறவர்களுக்கு அறைகள் விடுகிறார்கள். ஊரில் தண்டவாளம் மறுபடி போட்டு ரயில் ஓடுகிறது, கொடிகாமத்திலும் நிற்கிறதாம். வரெக்கினாவுக்குக்கூட எலுமிச்சை மணம் சேர்த்துவிட்டார்கள். மலர் போய்ச் சில வருடங்கள் ஆகின்றன. சுகி தாயின் சட்டைகளைக் கோயிலுக்குக் கொடுத்தபோது அந்தப் பையும் எதனோடோ போய்விட்டது. கேட்க எனக்கு வாய் வரவில்லை.

நான் இன்னும் ஞாயிற்றுக்கிழமைகளில் ஏறுகிறேன். அந்தத் திருப்பத்துக்குக் கொஞ்சம் கீழே வந்ததும் கால்கள் தாமாக நிற்கின்றன. பின்னால் வருகிற பிள்ளைகள், "என்ன மாஸ்டர், களைச்சுப் போனியளோ?" என்று கேட்டுவிட்டு என்னைக் கடந்து போகிறார்கள். ஓம் என்கிறேன். கையில் கடிகாரம் அதிர்கிறது. பூ விரிந்து சுருங்குகிறது. மேலே சுவரோரம் வெறுமையாக இருக்கிறது. ஆனாலும் அவள் தேறி நடக்கத் தொடங்குகிற நேரம் வரைக்கும் நான் ஏறுவதில்லை.