அக்காவின் எச்சில் சொன்னது

எங்கள் பக்கத்தில் எச்சிலை லேசில் யாருக்கும் கொடுக்கமாட்டார்கள். வேண்டாதவர் கையில் அகப்பட்டால் அதை வைத்தே சூனியம் செய்துவிடுவார்கள் என்று பயம். சுனாமிக்குப் பிறகு நாவற்குடாவில் ஒரு பள்ளிக்கூட முகாமில், விடியக்காலையில் சின்னக் குப்பிகளை நீட்டி, “இதுக்குள்ள துப்புங்க” என்று நான் கேட்டபோது பெண்கள் என்னை ஏற இறங்கப் பார்த்தார்கள். “முதல்ல நீ துப்பு புள்ள, பாப்பம்” என்றாள் ஒருத்தி. துப்பிக் காட்டினேன். பிறகு என் சொந்த அக்காவைத் துப்ப வைத்தேன். அதன் பின்தான் மற்றவர்கள் குப்பியை வாங்கினார்கள்.

குப்பிகள் மிஸ்ஸுடையவை. பல்கலைக்கழகத்தில் எனக்கு விலங்கியல் படிப்பித்தவர் அவர். பயமும் துக்கமும் உடம்பில் எந்த ஹோர்மோனை ஏற்றுகின்றன, அது ஏறினால் முட்டை விடும் சூலகம் ஏன் வேலையை நிறுத்துகிறது என்பதே அவரது வாழ்நாள் ஆராய்ச்சி. அதுவரை எலிகளில் பார்த்தவர், சுனாமி வந்ததும் எங்கள் பெண்களிடம் வந்தார். முகாமில் பலருக்கு மாதவிலக்கு நின்றுபோயிருந்தது. கடல் மகளைக் கொண்டுபோன நாளிலிருந்து அக்காவுக்கும் வரவில்லை. மிஸ் அவளுடைய கையைப் பிடித்து, “உங்கட எச்சில் என்ன சொல்லுதெண்டு முதல்ல உங்களுக்குத்தான் சொல்லுவன்” என்றார். அக்கா அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டாள். நானும்தான்.

அத்தான் கெட்ட மனிதர் இல்லை. மகளைத் தேடிக் கரையெல்லாம் அலைந்தவர். இன்னொரு பிள்ளை வந்தால்தான் தலைநிமிர முடியும் என்று அவருக்கு ஒரு பிடிவாதம். களுதாவளையில் அவருடைய தாய் வேறு பொம்பிளை பார்த்து வைத்துக்கொண்டு நச்சரித்தார். ஒருநாள் அத்தான் சைக்கிளில், நான் மிஸ்ஸுக்கு உதவியாக இருந்த ஆய்வுகூடத்துக்கே வந்துவிட்டார். மடித்துக் கட்டிய சாரத்தை இறக்கிவிட்டுக்கொண்டு மிஸ்ஸின் மேசைக்கு முன்னால் நின்றார்.

“மிஸ், ஒரு சொல்லுச் சொல்லுங்க. இவளுக்கு இனிப் பிள்ளை தங்குமா? தங்குமெண்டா நான் எவ்வளவு காலமெண்டாலும் இருப்பன்.”

மிஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “இப்ப ஒண்டும் சொல்லேலாது தம்பி.”

அந்தக் கிழமையே அத்தான் உடுப்புகளை எடுத்துக்கொண்டு தாய் வீட்டுக்குப் போனார். எங்கள் ஊரில் ஆண்தான் பெண் வீட்டுக்கு வந்து வாழ்வான். அவன் பெட்டியோடு தாய் வீட்டுக்குத் திரும்பினால் அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. கொஞ்ச நாளில் அக்காவுக்கு விலக்கு வந்தது. ஆள் அனுப்பினோம். அதற்குள் அங்கே கலியாணம் முடிந்துவிட்டது.

மறுபடி சண்டை மூண்டது. மிஸ் குப்பிகளோடு வெளிநாடு போனார். நாங்கள் ஷெல் சத்தத்தோடு படுத்தெழும்பினோம். எல்லாம் ஓய்ந்த பிறகு தன் ஆராய்ச்சி வாழ்க்கையைப் பற்றிப் பேச அவர் ஊருக்கு வந்தபோது, ஆசையோடுதான் முன்வரிசையில் போய் உட்கார்ந்தேன்.

திரையில் ஹோர்மோன் ஏறி இறங்குவதைக் காட்டும் ஒரு கோடு. கீழே அக்காவின் இலக்கம், குப்பியில் நானே ஒட்டியது. விலக்கு திரும்புவதற்கு முன்பே சூலகம் விழித்துக்கொண்டதை எச்சிலில் கண்டுபிடித்தோம் என்றார் மிஸ். அந்தப் பெண்களிடம் சொன்னீர்களா என்று யாரோ கேட்டார்கள். மிஸ் சிரித்தார். “சொன்னா மனசு ஆறிடும். ஆறினா ஹோர்மோன் இறங்கிடும். பிறகு நான் எதை அளக்கிறது?” மண்டபமும் சிரித்தது.

வெளியே வந்து கேட்டேன். “அத்தான் வந்து நிண்ட அண்டைக்கு உங்களுக்குத் தெரியுமா மிஸ்?”

“தெரியும். ஆராய்ச்சி எண்டா அப்பிடித்தான், உனக்கும் விளங்கும்தானே” என்று தோளில் தட்டினார். யுத்தத்துக்குப் பிந்திய அளவும் வேண்டுமாம், அதே பெண்களைக் கூட்டித் தரவேண்டுமாம். “நீ கேட்டாத்தான் அவங்க தருவாங்க.” நம்பவைத்துக் கழுத்தறுத்தது போதாதென்று மறுபடியும் கத்தியை என் கையிலேயே தந்தார். நேரே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அக்கா முற்றத்தில் இறால் உரித்துக்கொண்டிருந்தாள். மறைக்க மனம் வரவில்லை. மிஸ் சொன்ன நியாயத்தையும் சேர்த்து எல்லாவற்றையும் சொன்னேன். அவளுடைய கை நிற்கவில்லை. உரித்த இறாலைச் சட்டியில் போட்டுவிட்டுக் கேட்டாள்.

“எனக்குச் சொன்னாத்தானே புள்ள என்ர மனசு ஆறும். அத்தானிட்ட மட்டும் சொல்லியிருக்கலாமே?”