ஓம் சொன்னது நான்தான்

யாழ்ப்பாணத்து ஆட்களோடு தொலைபேசியில் கதைத்துப் பாருங்கள். நீங்கள் எதைச் சொன்னாலும் அந்தப் பக்கத்திலிருந்து “ஓம்… ஓம்…” என்று சத்தம் வந்துகொண்டே இருக்கும். ஆமாம் என்பதற்கு எங்கள் சொல் அது; ஆனாலும் அதைச் சம்மதம் என்று நினைத்துவிடக் கூடாது. கேட்டுக்கொண்டிருக்கிறேன், லைன் அறுபடவில்லை, மேலே சொல்லு என்று அர்த்தம். அந்த ஒற்றைச் சொல்தான் என்னைக் கட்டிப்போட்டது.

என் தங்கை திருச்சியில் இருந்தாள். சண்டைக் காலத்தில் வள்ளத்தில் போனவள். அங்கேயே கல்யாணம் கட்டி, புருஷனையும் பறிகொடுத்துவிட்டு, ஒரே மகனோடு காலம் தள்ளினாள். ஈரல் பழுதாகிவிட்டது, டொக்டர்மார் கைவிட்டுவிட்டார்கள் என்று ஒரு காலையில் மகன் போனில் அழுதான். அவள் போனைப் பறித்து, “அக்கா, ஒருக்கா வந்திட்டுப் போவன்” என்றாள். யாரிடமும் கெஞ்சத் தெரியாத பிறவி அது. யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் என் வீட்டு மேல்மாடியில் கம்பஸில் படிக்கும் பிள்ளைகள் வாடகைக்கு இருக்கிறார்கள். அவர்களிடம் வீட்டைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் பாஸ்போட் எடுக்க ஓடினேன்.

கவுண்டரில் இருந்த பெண் என் அடையாள அட்டை இலக்கத்தைத் தட்டினாள். திரும்பவும் தட்டினாள். பிறகு என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள்.

“அம்மா, உங்கடை நம்பரிலை ஒரு தடை கிடக்கு. விசாரணை முடியுமட்டும் பாஸ்போட் தரேலாது.”

“நான் என்ன கொலையே செய்தனான், பிள்ளை?”

வரிசையில் எனக்குப் பின்னால் நின்ற சனம் ஓரடி தள்ளி நின்றது.

விசாரணை அலுவலகத்துக்குப் போன பிறகுதான் விஷயம் விளங்கியது. என் பெயரில், என் அட்டை இலக்கத்தில், நான் கண்ணாலும் காணாத ஒரு போன் இணைப்பு இருக்கிறது. வெளிநாட்டில் வேலை எடுத்துத் தருகிறேன் என்று எவனோ அதில் கதைத்து ஊரெல்லாம் ஏமாற்றியிருக்கிறான். கம்பியூட்டரைப் பொறுத்தவரை அந்த எவனோ நான்தான். ஏமாந்த சனமெல்லாம் மண் அள்ளித் திட்டியிருப்பது என்னை.

அங்கிருந்த அதிகாரி மலையகத்துக்காரர், மரியாதையான மனிதர். “இதக் கேளுங்கம்மா” என்று ஒரு ஒலிப்பதிவைப் போட்டார். ஒரு பெண்பிள்ளை கடகடவென்று எதையோ வாசிக்கிறாள். “…உங்கள் பெயரில் புதிய இணைப்பு வழங்கச் சம்மதிக்கிறீர்களா?” அதன்மேல் என் குரல்: “ஓம்… ஓம்…”

அந்த நாள் உடனே ஞாபகத்துக்கு வந்தது. புதிய டிஜிட்டல் அடையாள அட்டைக்கு விபரம் சரிபார்க்கிறோம் என்று ஒருவன் போன் எடுத்துக் கதைத்தான். தேன் ஒழுகும் தமிழ். என் அட்டை இலக்கம், பிறந்த திகதி, அப்பாவின் பெயர் எல்லாவற்றையும் அவனே பிழையில்லாமல் சொன்னான். அப்படிச் சொல்பவனைச் சந்தேகிக்க எனக்கு என்ன விசரா? “இப்போது ஒரு பிள்ளை கதைப்பா, கட் பண்ணாமல் லைனில் நில்லுங்கள்” என்றான். நான் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு சூடை மீன் வெட்டினேன். அவள் வாசித்தாள். நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

“இது ஒங்க கொரல் இல்லன்னு சொன்னீங்கன்னா, பரிசோதனைக்கு அனுப்பலாம். ஆனா நாளாகும்” என்றார் அதிகாரி.

“என்ரை குரல்தான்.”

“அப்ப சம்மதிச்சிருக்கீங்க.”

“சம்மதிக்கேல்லை, ஐயா! கேட்டுக்கொண்டிருந்தனான்!”

“ஓம்னுதானேம்மா சொல்றீங்க?”

எனக்குக் கொதி வந்துவிட்டது. பக்கத்து மேசையில் இருந்த எழுத்தர் எங்கள் யாழ்ப்பாணத்துக் கரவெட்டி ஆள், தலை நரைத்த மனிதர். அவர் பக்கம் திரும்பினேன். “நீங்களாவது சொல்லுங்கோ அண்ணை. நாங்கள் கதைக்கேக்கை ஓம் எண்டுறது சும்மா கேக்கிறதுக்குத்தானே?”

“ஓம்… ஓம்…”

“எந்தக் கதைக்கும் அப்பிடித்தானே?”

“ஓம்…”

“அப்ப உங்கடை வீடு வளவை எனக்கு எழுதித் தாறியளோ?”

“ஓம்… ஐயோ, இல்லைப் பிள்ளை!”

அதிகாரி வாய்விட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன், தப்பிவிட்டேன் என்று நினைத்து. பிறகு அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “எனக்குப் புரியுதும்மா. கொழும்புல புரியணுமே. அது வரைக்கும் தெரியாத நம்பர்ல யாரு கூப்பிட்டாலும் வாயே தொறக்காதீங்க. ஒங்க கொரலே அவங்களுக்குப் போதும்.”

பலாலி விமான நிலையத்தில் ஏறும் திருச்சி விமானம் எங்கள் பக்கத்தால்தான் பறக்கும். சோறு வடித்து இறக்குவதற்குள் அந்தக் கரையில் நிற்கலாம். நான் முற்றத்தில் நின்று அண்ணாந்து பார்ப்பேன். வேலி இல்லை, பூட்டு இல்லை, காவலுக்கு ஆளில்லை. ஆனாலும் மறியலில் கிடப்பவளுக்கும் எனக்கும் வித்தியாசம் தெரியவில்லை. அலுவலகத்துக்கு நடந்து நடந்து செருப்புத்தான் தேய்ந்தது. “இன்னும் பதில் வரல்லம்மா” என்பார் அவர். மகனின் போனில் தங்கை கேட்பாள், “எப்ப வாறாய்?” நானும் வெட்கமில்லாமல், “வாறன், வாறன்” என்பேன். பாஸ்போட் கதையைச் சொன்னால் இன்னும் உடைந்துபோவாள் என்று மறைத்தேன்.

ஒரு பின்னேரம் போன் அடித்தது. இந்திய இலக்கம், ஆனால் மகனுடையது இல்லை. எடுத்துக் காதில் வைத்தேன், வாயைத் திறக்கவில்லை.

“ஹலோ, நீங்க அவங்களோட அக்காதானே? உங்க பேர் சொல்லுங்க, கன்ஃபார்ம் பண்ணிக்கிறேன்.”

இனிமையான குரல். அக்கா, தங்கை வரைக்கும் தோண்டி எடுத்துவிட்டார்களா, பாவிகள்?

“லைன்ல இருக்கீங்களா? கட் பண்ணிடாதீங்க, ஒரு நிமிஷம்…”

கட் பண்ணினேன். திரும்பவும் அடித்தது. போனையே நிற்பாட்டி அலுமாரிக்குள் எறிந்தேன். இந்த முறை ஏமாறவில்லை என்று உள்ளுக்குள் ஒரு சந்தோஷம்கூட வந்தது. தேத்தண்ணி ஊற்றிக் குடித்தேன்.

பொழுதுபட்ட பிறகு போனை எடுத்துத் திரும்ப ஒன் பண்ணினேன். உடனே தங்கையின் மகன் கூப்பிட்டான். மருந்து வாங்க அவன் ஆஸ்பத்திரிக்கு வெளியே போயிருந்த நேரத்தில் உயிர் போய்விட்டது என்றான். நான் குழறினேன். அவன் என்னை அழவிட்டுவிட்டு, பிறகு மெல்லக் கேட்டான்.

“நர்ஸம்மா தன்னோட போன்ல உங்களைக் கூப்பிட்டாங்களாம், பெரியம்மா. அம்மாதான் நம்பர் சொல்லிக் கூப்பிடச் சொன்னாங்களாம். நீங்க பேசாம வச்சிட்டீங்களாமே. அக்காவுக்கு என்மேல என்ன கோவம், என்ன கோவம்னு கேட்டுக்கிட்டே இருந்தாங்களாம்.”