கிணற்றுக்குள் ஊற்றிய மூன்று பீப்பா

அறுபதுகளில், அச்சுவேலியில், தங்கச்சிக்குச் சீதனமாக எழுத வைத்திருந்த தோட்டக் காணியின் மூலையில் ஒரு குளம் இருந்தது. குளம் என்று சொல்வதே அதிகம். மாரியில் நிறைந்து, வைகாசியில் மாடுகூட எட்டிப் பார்க்காத பள்ளம். அதை நிரவினால் காணி இரண்டு பரப்புக் கூடும் என்றவன் நான்தான். அண்ணை தயங்கினார். நான் விடவில்லை. லொறியில் செம்மண் கொண்டுவந்து கொட்டி மூடினோம்.

அந்த மாரி மழை எங்கள் காணியில் ஒரு நாள்கூடத் தங்காமல் ஒழுங்கைப் பாதையால் ஓடிக் கடல்நீரேரியில் விழுந்தது.

"பாத்தீங்களே அண்ணை, வெள்ளம் ஒரு சொட்டும் நிக்கேல்லை!" என்று பெருமையடித்தேன். எவ்வளவு பெரிய மடையன் நான்.

பங்குனியில் அந்தக் காணிக் கிணற்றுத் தண்ணீர் உப்புக் கரித்தது. முதலில் தேநீரில் தெரிந்தது. பிறகு மிளகாய்க் கன்றுகளின் இலை நுனி கருகியது. எங்கள் ஊரில் ஆறு கிடையாது. சுண்ணாம்புக்கல் வெடிப்புகளுக்குள் இறங்கும் மழைதான், அடியிலுள்ள கடல் நீருக்கு மேலே தங்கி நின்று, கிணற்றுக்கு ஊறி வருகிறது. அந்த மழையைப் பிடித்துவைத்து மெல்ல மெல்ல உள்ளே இறக்கியது நான் மூடிய பள்ளம்தான். இது எனக்குப் பிந்தித்தான் புரிந்தது. சித்திரையில் மாப்பிள்ளை வீட்டார் காணி பார்க்க வருவதாக இருந்தது. எங்கள் பக்கத்தில் காணி பார்க்க வருகிறவர்கள் முதலில் கிணற்றுத் தண்ணீரைத்தான் வாயில் விட்டுப் பார்ப்பார்கள்.

நானும் அண்ணையும் கொட்டிய மண்ணைத் திரும்ப வெட்டினோம். கை கொப்பளித்ததுதான் மிச்சம். மழைக்கு இன்னும் ஆறு மாதம் கிடந்தது. அவர்கள் வருகிற அன்று காலையில், பைத்தியம் பிடித்தவன்போலப் புத்தூர்ப் பக்கம் போய், மூன்று பீப்பா நல்ல தண்ணீரை வண்டியில் ஏற்றி வந்து கிணற்றுக்குள் ஊற்றினேன். அண்ணை தடுக்கவுமில்லை, என் முகத்தைப் பார்க்கவுமில்லை.

மாப்பிள்ளையின் தகப்பனார் வாளியை ஆழ விட்டு அள்ளினார். ஒரு வாய் வைத்தார். மிளகாய்ப் பாத்தியில் துப்பினார்.

"காணி திறமான காணிதான் தம்பி. தண்ணி சவராக் கிடக்கு. நாங்கள் யோசிச்சுச் சொல்லுறம்."

அவர்கள் சொல்லியனுப்பவே இல்லை.

அவர்கள் வந்துபோன அன்று பின்னேரமே தங்கச்சிக்கு எல்லாம் விளங்கிவிட்டது. வெறும் பீப்பாக்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அழுவாள், என்னை ஏசுவாள் என்று நினைத்துக்கொண்டு பக்கத்தில் போனேன்.

"உதிலை எனக்கொரு செம்பு எடுத்து வைச்சிருக்கலாமே, சின்னண்ணை," என்றாள். "நல்ல தண்ணி குடிச்சு எத்தினை நாளாச்சுது."