நீரூற்றடியில் நிற்கும் அம்மா

பாட்ஸ்குவாரோவில் சவரக்கடை வைத்திருக்கும் ஃபிதென்சியோ என் தங்கை ஒதிலியாவின் புருஷன். பழைய மெக்சிகோ ஊர்களின் போட்டோ அஞ்சலட்டை என்றால் உயிரை விடுவான். வீட்டுக் கூரை ஒழுகினாலும் அவன் ஆல்பத்தில் ஒரு சொட்டு படாது.

அதில் ஒரு அட்டை மட்டும் தனி. எங்கள் ஊர்ச் சதுக்கத்து நீரூற்று. ஓரத்தில் குடத்தோடு அவன் அம்மா. செத்துப்போன அந்த அம்மாளுக்கு வேறு படமே கிடையாது. வருஷாவருஷம் கல்லறைத் திருநாளுக்கு வீட்டுப் பீடத்தில் அதைத்தான் வைப்பார்கள். படத்தைப் பார்த்துத்தானே இறந்தவர்கள் வீடு தேடி வருவார்கள்.

இந்தச் சேகரிப்புக்காரர்கள் படத்தையா பார்க்கிறார்கள்? மூலையில் வெள்ளையாக எழுதிய எண்ணைத்தான் பார்ப்பார்கள். மாப்பிள்ளை கவிழ்ந்தது அங்கேதான். அந்தக் காலத்துப் போட்டோக்காரர் ஒரே இடத்தில் நின்று இரண்டு தடவை எடுத்து, இரண்டுக்கும் ஒரே எண்ணைப் போட்டிருக்கிறார். ஃபிதென்சியோவிடம் இரண்டும் இருந்தன. ஞாயிற்றுச் சந்தையில், கூடுதலாக இருக்கிறதே என்று ஒன்றை மொரேலியாவிலிருந்து வரும் இன்னொரு சேகரிப்புக்காரர் அபுந்தியோவிடம் கொடுத்து வேறு அட்டை வாங்கிக்கொண்டான். திருநாள் காலையில் ஆல்பத்தைத் திறந்தால் நீரூற்று இருக்கிறது, அம்மா இல்லை.

"நம்பரப் பாத்த கண்ணு பெத்தவளப் பாக்கலையா?" என்றாள் ஒதிலியா. அவள் வாய் அப்படி.

என் வண்டியில்தான் மொரேலியா போனோம். அபுந்தியோ சந்தையில் அவனுக்குப் பரம எதிரி. வழியெல்லாம் சண்டைக்கு வார்த்தை சேர்த்துக்கொண்டே வந்தான். அட்டையை வேறு யாருக்காவது தள்ளிவிட்டிருந்தால் என்ன செய்வாய் என்று கேட்டேன். வண்டியை இன்னும் வேகமாக ஓட்டச் சொன்னான்.

அபுந்தியோ கதவைத் திறந்ததும் கூடத்துப் பீடம் தெரிந்தது. அவர் வீட்டு இறந்தவர்களுக்கு நடுவில், செண்டுமல்லிக்குள், நம் நீரூற்று. முன்னால் ஒரு தம்ளர் தண்ணீர், ரொட்டி, மெழுகுவர்த்தி.

"வீட்டுக்கு வந்துதாம்ப்பா படத்தப் பாத்தேன்" என்றார் அவர். "சந்தையில நீ வாய் ஓயாம சொல்ற அம்மா. பஸ்ஸுல இடம் கெடைக்கல, கொண்டாந்து தர முடியல. அதுக்குள்ள அவங்க இங்க வந்துட்டா, பட்டினியாவா நிக்க விடுறது?"

சண்டைக்கு வந்த ஃபிதென்சியோ நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்து அழுதான். எனக்கும் அப்பாடா என்றிருந்தது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு அட்டைக்குக் கை நீட்டினான். அபுந்தியோவின் மனைவி தடுத்துவிட்டார்.

"சாப்பிட உக்காந்தவங்கள பாதியில எழுப்புவாங்களா, தம்பி? நாளைக்கு எடுத்துட்டுப் போங்க."

தட்டில் சோளமாவில் அவித்த தமால் வந்தது. சாப்பிடுவதற்கு முன் ஃபிதென்சியோ வீட்டுக்குப் போன் போட்டான்.

"பதறாத ஒதிலியா. அம்மாவுக்கு இந்த வருஷம் மொரேலியாவுல சாப்பாடு."