வழியட்டும் என்றார் பெரியப்பா

காலை பத்து இருபதுக்கு டவுன் பஸ் எங்கள் ஊர் விலக்கில் வந்து நின்றது. வரவேண்டியவர்கள் யாரும் அதிலிருந்து இறங்கவில்லை. ஆனால் தூரத்தில் பஸ்ஸின் புழுதியைப் பார்த்ததுமே டேங்க் வால்வைத் திறந்தாகிவிட்டது. காரியம் கெடத் தொடங்கியது அப்போதுதான்.

சித்தப்பாவுக்குப் பெண் கொடுக்க இருந்தவர்கள் அன்று எங்கள் வீடு பார்க்க வருவதாக ஏற்பாடு. சித்தப்பா என் அப்பாவின் கடைசித் தம்பி, தாயில்லாப் பிள்ளை. அம்மா கல்யாணமாகி வந்தபோது அவர் அரைக்கால் சட்டை போட்டுக்கொண்டிருந்தாராம். அம்மாதான் தலை வாரிப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பி ஆளாக்கினாள். நல்ல உழைப்பாளி, பீடி சிகரெட் கிடையாது. ஆனாலும் பெண் அமையவில்லை. ஜாதகம் பொருந்தும், ஆளைப் பிடிக்கும், வீடு பார்க்க வருவார்கள். வருகிற வழியில் குடம் கட்டிய சைக்கிள்களையும், ஓடை மணலில் ஊற்றுத் தோண்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பெண்களையும் பார்த்துவிடுவார்கள். "போயி லெட்டர் போடுதோம்" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். ஒரு லெட்டரும் வந்ததில்லை.

எங்கள் ஊர் திருவேங்கடம் பக்கம், கரிசல் காட்டுக்கு நடுவில் இருக்கிறது. நிலத்தைத் தோண்டினால் உப்புத் தண்ணீர். அதில் பருப்பு வேகாது, பால் திரிந்துபோகும். அரசாங்கம் எங்களைக் கவனிக்கவில்லை என்று சொல்ல முடியாது. ஆற்றுத் தண்ணீரைக் குழாயில் கொண்டுவரும் திட்டத்தில் எங்கள் ஊரையும் சேர்த்தார்கள். உயரமாக ஒரு டேங்க் கட்டி, தெருமுனையில் குழாய் நட்டு, மாலை போட்டுத் திறந்தும் வைத்தார்கள். தண்ணீர் மட்டும், வழியில் இருக்கிற ஊர்களெல்லாம் குடித்தது போக மீந்தால் வரும். வாரம் ஒருமுறை வந்தால் அது நல்ல வாரம்.

இந்தத் தடவை வந்த சம்பந்தம் ராயகிரிப் பக்கத்தது. அம்மா பிறந்ததும் அந்தப் பக்கம்தான். வாய்க்காலும் வயலும் உள்ள ஊர்க்காரர்கள். அதனால் பெரியப்பா ஒரு யோசனை செய்தார். டேங்க் ஆபரேட்டர் எங்கள் அத்தை வீட்டு மாமா. அந்த வாரம் வந்த தண்ணீரைத் தெருவுக்கு விடாமல் டேங்கிலேயே நிறுத்தி வைப்பது, பெண் வீட்டார் பஸ்ஸை விட்டு இறங்கும்போது திறந்துவிடுவது. தெருவே சம்மதித்தது. நம்ம பயலுக்கு ஒரு கல்யாணம் நடக்கட்டும் என்று எல்லோரும் அந்த வாரம் முழுக்க ஓடைக்கே நடந்தார்கள்.

எனக்கும் ஒரு வேலை கொடுக்கப்பட்டது. குழாயடியில் குடத்தை வைத்துக்கொண்டு நிற்க வேண்டும்.

"கொடம் நெறஞ்சதும் எடுத்துராத. வழியட்டும். நீ பாட்டுக்கு வேடிக்க பாத்துட்டு நில்லு. தண்ணி கெடந்து பொரளுத ஊருன்னு அவங்களுக்குத் தெரியணும்லா" என்றார் பெரியப்பா.

"ஏசமாட்டாவளா பெரியப்பா?"

"இன்னைக்கி ஒருத்தரும் ஏசமாட்டாவ."

ஒரு சொட்டுச் சிந்தினால் முதுகில் அடி விழும் ஊரில் வளர்ந்தவளுக்கு அது தீபாவளி மாதிரி இருந்தது.

பெண் வீட்டாரை அழைத்துவர சித்தப்பா விடியவே சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விட்டார். பத்து இருபது பஸ்ஸில் அவரும் வரவில்லை. வால்வைத் திறந்துவிட்டு சைக்கிளில் வந்த மாமா, "மச்சான், மூடிரட்டா?" என்று கேட்டார்.

"மூடாதீரும் வே. காரு பிடிச்சி வந்துக்கிட்டு இருப்பாவ. எறங்குத நேரத்துல கொழாயில காத்து வந்தா மானம் போயிரும்."

குடம் நிறைந்தது. தண்ணீர் கழுத்துக்கு ஏறி, விளிம்பில் ஒரு கணம் தயங்கி நின்று, பிறகு நாலாபக்கமும் வழிந்தது. என் கால் நனைந்தது. கரிசல் மண் அதை வாங்கிக்கொண்டே இருந்தது. தெருப் பெண்கள் அவரவர் வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்று பார்த்தார்கள். அம்மாவும் வாசலுக்கு வந்து பார்த்தாள். என்னைப் பார்த்துச் சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் என்னைப் பார்க்கவேயில்லை, வழிகிற தண்ணீரைத்தான் பார்த்தாள். பிறகு சட்டென்று உள்ளே போய்விட்டாள்.

முதலில் பொறுமை இழந்தது எதிர்வீட்டு அத்தைதான். சருவச்சட்டியோடு ஓடிவந்தாள். "கண்ணு கொண்டு பாக்க முடியலயே அண்ணாச்சி! ஒரே ஒரு சட்டி பிடிச்சிக்கிடுதேன்!"

"ஏட்டி, நீ பிடிப்ப, நாங்க வாய் பாத்துட்டு நிக்கணுமா?" என்று அடுத்த வீட்டுக்காரி இரண்டு குடத்தோடு வந்தாள். அதற்குப் பிறகு தெருவே வந்தது. என் குடம் எங்கே போனது என்று தெரியவில்லை. அவர்கள் ஆசைப்பட்டு வரவில்லை. கால் தானாக வந்தது, அவ்வளவுதான்.

"ஒரு நாளு பொறுக்க முடியாதா ஒங்களுக்கு? பய குடியக் கெடுக்கேளே!" என்று பெரியப்பா கத்திக்கொண்டே இருந்தார். வரிசையில் பெரியம்மா எங்கள் வீட்டு அண்டாவோடு நிற்பதைப் பார்த்த பிறகுதான் அவர் சத்தம் அடங்கியது.

உச்சி வெயிலில் கார் வந்தது. ராயகிரியிலிருந்தே வாடகைக்குப் பிடித்து, பஸ் ஸ்டாண்டுப் பக்கமே போகாமல் வந்திருக்கிறார்கள். அப்போது குழாயில் காற்று மட்டும் சீறிக்கொண்டிருந்தது. பெண்ணின் அப்பா சேற்றில் கால் வைத்து இறங்கினார். பெரியப்பா அசரவில்லை. "பாத்து வாங்க மச்சான். இந்தத் தண்ணித் தொந்தரவு தாங்க முடியல. ஏலே, அந்தக் கல்ல எடுத்துப் போடுங்கலே!"

பெண்ணின் அப்பாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. ஆனால் பெண்ணின் அம்மா நேராக எங்கள் அடுப்பங்கரைக்கு வந்தார். நான் கதவுக்குப் பின்னால் இருந்தேன். துணியால் வாய் கட்டிய குடங்களைப் பார்த்தார். கழுவாமல் சாம்பலால் துடைத்துக் கவிழ்த்திருந்த பாத்திரங்களைப் பார்த்தார். ஒரு தட்டை எடுத்து விரலால் தடவியும் பார்த்தார்.

"நீ எங்க பக்கத்துப் பிள்ளைல்லா, தாயி. ஒண்ணு கேக்கேன், மறைக்காத. தண்ணி தெனமும் வருமா?"

அம்மா காலையிலிருந்து சமைத்துக்கொண்டிருந்தாள். நல்ல தண்ணீரில் வேகவைத்த பருப்பு அடுப்பில் கொதித்தது. வெளியே பெரியப்பாவின் சிரிப்புச் சத்தம் கேட்டது. அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள்.

"வராது மதினி. இன்னைக்கி வந்தது ஒங்களுக்காக வந்தது."

சம்மதம் என்றால் பெண் வீட்டார் சாப்பிட்டுக் கை நனைத்துவிட்டுத்தான் போவார்கள். அவர்கள் சாப்பிடவில்லை. "போயி லெட்டர் போடுதோம்" என்றார் பெண்ணின் அப்பா, எங்கள் முகத்தைப் பார்க்காமல். கார் போன பிறகு பெரியப்பா தெருப் பெண்களை ஏசினார், தெருப் பெண்கள் மாமாவை ஏசினார்கள், மாமா பஸ்ஸை ஏசினார். அம்மாவை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சித்தப்பாவின் கல்யாணத்தை ஒரே வார்த்தையில் கெடுத்தது யார் என்று எனக்கு மட்டும்தான் தெரியும். அம்மாவின் பக்கத்தில் போகவே பயமாக இருந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை என் மகளுக்குப் பார்த்திருக்கும் மாப்பிள்ளை வீட்டைப் பார்க்கப் போனோம். சங்கரன்கோவிலில் இப்போது நாங்கள் இருக்கும் வீட்டிலிருந்து பைக்கில் போய்விடும் தூரம்தான், ஆனால் அதே கரிசல் காடு. இப்போது அரசாங்கம் வீட்டுக்கு வீடு குழாய் கொடுத்திருக்கிறது. அடுப்பங்கரைக்குப் பின்னால் இருந்த குழாயை நானே திருகினேன். குபுகுபுவென்று கொட்டியது. "தண்ணிக்குப் பஞ்சமே இல்ல மதினி" என்று மாப்பிள்ளையின் அம்மா சிரித்தார். நல்ல மனுஷிதான். ஆனால் நான் கொட்டுகிற தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றதில், குழாயை மூடுவதற்கு என் கணவர் வரவேண்டியிருந்தது. அந்த வீட்டு அடுப்பங்கரையில் ஒரு மருமகள் இருந்தால் கேட்டிருப்பேன். இல்லை. என் மகள்தான் முதல் மருமகளாகப் போகிறாள். அன்றிலிருந்து எனக்குச் சரியாகத் தூக்கமில்லை. போன் செய்து அம்மாவிடம் கேட்கலாம் என்று ஒரு கணம் தோன்றியது. அம்மா போய் எத்தனையோ வருஷமாகிறது. சித்தப்பா அந்தக் கோடையிலேயே திருப்பூருக்குப் போய், அங்கேயே ஒருத்தியைக் கட்டிக்கொண்டு, ஊருக்கு விருந்தாளியைப் போல வந்து போகிறவராக ஆனார்.

பெண் வீட்டார் வந்துபோன அன்று கடைசியாக வந்து சேர்ந்தது அவர்தான். பொழுது சாய்ந்து, தெருவில் யாரும் இல்லை. திரும்பும் வழியில் சங்கரன்கோவிலில் டீ குடிக்க நின்ற அவர்கள் காரைப் பார்த்து ஓடியிருக்கிறார். பெண்ணின் அம்மா நடந்ததை மறைக்காமல் அவரிடம் சொல்லிவிட்டிருக்கிறார். அது எனக்குப் பிற்பாடுதான் தெரியும். அவர் நேராக அடுப்பங்கரைக்கு வந்தார். அம்மா ஒரு செம்பு ஆற்றுத் தண்ணீர் கொடுத்தாள். ஒரு சொட்டுக் கூடச் சிந்தாமல் அண்ணாந்து குடித்தார். எப்படியோ தெரிந்துபோயிருக்கும், இப்போது ஏசப்போகிறார் என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஏச்சு வரவில்லை. அழுகைச் சத்தம்தான் கேட்டது. கண்ணைத் திறந்தால், அழுதது அம்மா. கல்யாணம் கெட்டது அவருக்கு, அம்மா ஏன் அழுகிறாள் என்று எனக்கு விளங்கவில்லை. சித்தப்பா செம்பைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சொன்னது இவ்வளவுதான்:

"நீங்க சொன்னதுல தப்பே இல்ல மதினி. ஒங்க அய்யா வீடு பாக்க வந்த அன்னைக்கி ஒங்களுக்குச் சொல்லத்தான் இந்த வீட்டுல ஆளு இல்ல."