ஆடியில் குடிபெயர்ந்த தக்காளி

ராஜகீழ்ப்பாக்கத்தில் வாடகைக்கு இருப்பவர்களுக்கு ஆடியைப் போல் நல்ல மாதம் கிடையாது. ஆடியில் யாரும் வீடு மாறமாட்டார்கள். அதனால் யாரும் காலி பண்ணவும் சொல்லமாட்டார்கள். கீழ்வீட்டில் இருந்த எங்கள் ஹவுஸ் ஓனர் அக்காவும் முறை தெரிந்தவர். ஆனி கடைசியில் மேலே வந்து, "பையனுக்குக் கல்யாணம் வச்சிக்கீறோம்மா. மேல் வூடு அவனுக்கு வோணும். அவசரம் ஒண்ணும் இல்ல, ஆடி போவட்டும்" என்றார். கல்யாணத்தோடு யார் மல்லுக்கட்ட முடியும்? தலையாட்டினேன்.

தலையாட்டிவிட்டு நான் செய்த முதல் காரியம் தக்காளி விதைத்தது. ஆடிப்பட்டம் தேடி விதை என்றுதானே சொல்லியிருக்கிறார்கள். காலி செய்யப்போகிறவள் விதைக்கலாமா என்று அந்தப் பழமொழியில் இல்லை. டீ குடிக்கிற காகிதக் கப்புகளில் போட்டு மொட்டைமாடியில் வைத்தேன். போட்டதெல்லாம் முளைத்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் கணவரும் வீடு தேடினோம். எங்கள் பட்ஜெட்டுக்கு மாடம்பாக்கத்தில் ஒன்றுதான் அமைந்தது. ஒற்றைப் படுக்கையறை. பால்கனி உண்டு, அங்கிருந்து கையை நீட்டினால் பக்கத்து வீட்டுச் சுவரைத் தொடலாம். மொட்டைமாடிச் சாவி ஓனரிடமே இருக்குமாம்.

ஆடி முடியப்போகும் நேரத்தில் கப்புகளின் அடியில் வேர் எட்டிப் பார்த்தது. கீழ் இலைகள் மஞ்சளடித்தன. இனி பெரிய தொட்டிக்கு மாற்றாமல் முடியாது.

"கப்புலயே இருக்கட்டும். அட்டைப்பெட்டில வச்சு வண்டில ஏத்திடலாம். பக்கெட்ல மண்ணு ரொப்பிட்டா யார் தூக்கறது?" என்றார் கணவர்.

அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. சரியான பேச்சைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வரும். அதோடு எனக்கு ஒரு அற்பக் கணக்கும் இருந்தது. பெரிய தொட்டிகளில் ஜம்மென்று நிற்கும் செடிகளைப் பார்த்தால் அக்காவின் மனசு இளகும், பையனுக்கு வேறு இடம் பார்ப்பார். அந்தத் தெருவிலேயே அவருக்கு இன்னும் இரண்டு வீடு இருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த மாடியையும் அதன் வெயிலையும் விட்டுப் போக எனக்கு மனமே இல்லை.

சனிக்கிழமை காலை பழைய பெயிண்ட் பக்கெட்டுகளில் ஓட்டை போட்டு, செம்மண்ணும் தேங்காய் நார்த்தூளும் சாண எருவும் கலந்து ரொப்பிக்கொண்டிருந்தேன். துணி காயப்போட அக்கா வந்தார்.

"இன்னாம்மா இது, ஆடில வூடு மாத்துற?"

"செடிக்கு ஏதுக்கா ஆடி."

சிரித்தபடி துணி வாளியை இறக்கிவைத்துவிட்டு அவரும் உட்கார்ந்தார். அந்தத் தெரு முழுக்க ஒரு காலத்தில் அவர்கள் வீட்டுக் கத்திரித் தோட்டமாம். ஒரு கப்பைக் கிழித்து வேரைப் பார்த்தார்.

"எப்டி சுத்திகினு கீது பாரு. எத்தினி நாளு இந்த இத்துனூண்டு எடத்துல வச்சிருந்த? பாவம்மா."

முந்தின நாள்தான் மாடம்பாக்கத்து வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்திருந்தோம். நான் அடுத்த கப்பைக் கிழித்தேன்.

கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டு, தண்டைப் பாதிவரை மண்ணில் இறக்கி, குழந்தைக்குப் போர்த்திவிடுவது போல் மண்ணைத் தட்டினார். வெயில் ஏறும்வரை இருவரும் நட்டோம். வரப்போகிற மருமகளைப் பற்றிச் சொன்னார், காபி போட்டு வரச் சொல்லிக் குடித்தார். கணக்கு பலிக்கிறது என்று எனக்கு உள்ளுக்குள் ஒரே குஷி. அட்வான்ஸைத் திருப்பிக் கேட்கக் கணவரிடம் என்ன சொல்லலாம் என்றுகூட யோசித்துவிட்டேன்.

துணியெல்லாம் காயப்போட்ட பிறகு படியில் இறங்கப் போனவர் நின்றார்.

"ஒண்ணு சொல்றேன், தப்பா நெனச்சுக்காத."

"சொல்லுங்கக்கா."

"போம்போது இதெல்லாம் தூக்கினு போயிடாதம்மா. இப்பதான் வேரு புடிக்குது. எடம் மாத்துனா தாங்காது. இங்கியே இருக்கட்டும், நான் பாத்துக்கறேன்."

இருக்க இடம் எதிர்பார்த்தது நான். கிடைத்தது செடிகளுக்கு. "சரிக்கா" என்றேன்.

ஆவணி பிறந்ததும் காலி செய்தோம். சாமான் வண்டி கிளம்பும்போது மாடிச் சுவருக்கு மேல் அக்காவின் தலை தெரிந்தது. கையாட்டினேன். அவர் கவனிக்கவில்லை, செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு தக்காளிச் செடியைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன்.