ஆபீசர்

"அப்படிக் கூனிக்கிட்டு உக்காந்தா மூட்டை தூக்கத்தான் கூப்பிடுவாங்க. நிமிருடா!"

விடுதி அறையின் ஒரே நாற்காலியில் கால்மேல் கால் போட்டு அமர்ந்து அவன் அதட்டுவான். கட்டிலின் நுனியில் உட்கார்ந்திருப்பவனுக்கு மறுநாள் நேர்முகத் தேர்வு. அப்படி ஒத்திகைக் கேள்வி கேட்டுக் கேட்டே நாற்காலிக்காரனுக்கு ஆபீசர் என்ற பெயர் நிலைத்துவிட்டது. கேட்கும்போது இடது புருவம் மட்டும் மேலே ஏறும். அது தாய்மாமன் வழி வந்தது. பேருந்துப் பணிமனையில் மேற்பார்வையாளரான அவரும் பேச்சில் பாதியைப் புருவத்திடம் ஒப்படைத்தவர்.

மூன்று வருடத்தில் நாற்பது பேராவது அவன் அறையிலிருந்து தேறிப் போயிருப்பார்கள். எவனுக்குத் திக்குவாய், எவன் அப்பா குடிப்பார், எவன் அக்கா வாழாமல் வந்துவிட்டாள், எல்லாம் அவனுக்கு அத்துப்படி. சாப்பாட்டுக் கூடத்தில் மட்டும் அவன் தட்டுக்கு எதிரே யாரும் தட்டு வைப்பதில்லை. வேலை கிடைத்தவன் வாசலிலிருந்தே, "ஆபீசர், தேங்க்ஸ்பா!" என்று கத்திவிட்டுப் படியிறங்கிவிடுவான்.

ஆபீசர் வேலை கேட்டுப் போன ஏழு கம்பெனிகளிலும், "உங்களைப் பத்திச் சொல்லுங்க" என்றதும் பெயரையும் ஊரையும் சொன்னதோடு நின்றுவிட்டான். எட்டாவதில் கணக்கு மட்டும் கேட்டார்கள். பிழைத்துக்கொண்டான். மாலை ஐந்துக்குள் ஒரு படிவத்தை நிரப்பித் தந்தால் வேலை. தராவிட்டால் அடுத்தவனுக்கு. படிவத்தில், உங்களை நன்கு அறிந்த இருவர், உறவினராக இருக்கக் கூடாது, தொலைபேசியில் விசாரிப்போம் என்றிருந்தது. ஒருவர் பேராசிரியர். இன்னொருவர் நண்பராம்.

போன வருடம் வரை பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்தவனை அழைத்தான்.

"யாரு?"

"நான்தான்டா, ஆபீசர்."

"அட, ஆபீசரா! சொல்லு மச்சான், யாருக்கு இன்டர்வியூ?"

"எனக்குத்தான். உன் நம்பரைக் குடுக்கலாம்னு... என்னைப் பத்திக் கேப்பாங்க."

"தாராளமாக் குடு. இது கூடச் செய்யலன்னா எப்படி? மச்சான், தப்பா நினைக்காத. உன் பேரு என்ன? ஆபீசர்னு சொன்னா சிரிச்சிடுவாங்கல்ல?"

பெயரைச் சொன்னான்.

"ஓ... அப்புறம் என்ன சொல்லணும்? உனக்கு அண்ணன் தம்பி இருக்காங்களா? நீ எதையும் சொன்னதே இல்லையேடா. நீதான் எப்பவும் கேட்டுக்கிட்டே இருப்ப."

"பரவாயில்ல. அப்புறம் பேசறேன்."

நாலரை. அலுவலகத்துக்கு வெளியே சிமெண்டு பெஞ்சில் படிவத்தைத் தொடைமேல் விரித்துக்கொண்டு போனில் இருந்த பெயர்களையெல்லாம் தள்ளிப் பார்த்தான். ஒவ்வொருவனுடைய பயமும் நினைவுக்கு வந்தது. தன்னுடையதைத் தெரிந்தவன் ஒருத்தனும் இல்லை.

பேனாவைத் திறந்து, நண்பர் என்ற இடத்தில் அந்தப் பக்கத்துக் கட்டில்காரன் பெயரை எழுதினான். எண்ணுக்கான கட்டத்தில், அம்மா மட்டும் கூப்பிடும் தன்னுடைய இரண்டாவது எண்ணை எழுதினான். அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, சுவர்ப் பக்கம் திரும்பி, குரலைக் கொஞ்சம் தடிப்பாக்கிச் சொல்லிப் பார்த்தான்.

"ஆமாங்க. அவனை எனக்கு நல்லாத் தெரியும்."